கர்ப்பம் தெரியாமல் குடித்துவிட்டால்? "ஒரு கிளாஸ் பரவாயில்லை" என்பது உண்மையா?

மெல்பர்ன்_கயல் எழுதியது:

வணக்கம். என் தங்கை பெங்களூரில் ஐ.டி. வேலையில் இருக்கிறாள். நாள் தள்ளிப்போய்ப் பரிசோதித்ததில் ஆறு வாரம் என்று உறுதியாகியிருக்கிறது. வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம், அவளுக்கு மட்டும் தூக்கம் இல்லை. தெரிவதற்கு முந்தைய வாரங்களில் ஓர் அலுவலகப் பார்ட்டி, தோழியின் கல்யாண வரவேற்பு ஒன்று. இரண்டிலும் குடித்திருக்கிறாள். ஒன்றில் இரண்டு கிளாஸ் ஒயின், இன்னொன்றில் பீர். மாமியார் வீட்டில் யாருக்கும் தெரியாது, எங்கள் அம்மாவுக்கும் தெரியாது. என்னிடம் மட்டும் போனில் அழுகிறாள்.

அவள் பார்த்த டாக்டர், "இனிமேல் தொடாதீர்கள், நடந்ததை விடுங்கள்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். இணையத்தில் தேடினால் ஒரு பக்கம் "ஒரு சொட்டுகூட மூளையைக் கெடுக்கும்", இன்னொரு பக்கம் "பத்து மாதமும் ஒயின் குடித்தேன், என் பையன் வகுப்பில் முதல் மாணவன்". நான் இருக்கும் ஆஸ்திரேலியாவில் 2023-லிருந்து மதுப் புட்டிகளில் கர்ப்பிணி படத்தைக் குறுக்கே அடித்து, குழந்தைக்கு வாழ்நாள் பாதிப்பு வரலாம் என்று அச்சிடுகிறார்கள். அதைப் படம் எடுத்து அவளுக்கு அனுப்ப எனக்கு மனம் வரவில்லை.

தெரியாமல் குடித்ததில் எவ்வளவு ஆபத்து? ஸ்கேனில் தெரியுமா? "கொஞ்சம்" குடிப்பது பற்றி ஏன் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள்? தயவுசெய்து யாரும் திட்ட வேண்டாம். அவளே தன்னைப் போதுமான அளவு திட்டிக்கொண்டாயிற்று.

லண்டன்_மருத்துவமாது எழுதியது:

தங்கச்சி, நான் பிரசவம் பார்க்கும் மருத்துவமாது. கர்ப்பத்தை முதன்முதலாகப் பதிவு செய்ய வரும் பெண்களில் கனபேர் குரலைத் தாழ்த்தி என்னிடம் கேட்கும் கேள்விதான் இது. பாதிப் பேருக்குக் கர்ப்பம் திட்டமிட்டு வருவதில்லை, வந்ததும் உடனே தெரிவதில்லை.

பிரிட்டனில் 2016-இல் தலைமை மருத்துவ அலுவலர்கள் வழிகாட்டுதலைத் திருத்தினார்கள். அதில் இரண்டு விஷயம் உண்டு. கர்ப்பமாக இருந்தாலோ, ஆகலாம் என்று நினைத்தாலோ, குடிக்காமல் இருப்பதே பாதுகாப்பு. இது முதலாவது. தெரிவதற்கு முன் சிறிய அளவில் குடித்திருந்தால் பிள்ளைக்குப் பாதிப்பு வரும் வாய்ப்புக் குறைவாகவே இருக்கும், இது இரண்டாவது. முதலாவதை எல்லோரும் பரப்புகிறார்கள், இரண்டாவதை ஒருவரும் சொல்வதில்லை. உன் தங்கைக்கு இப்போது வேண்டியது இரண்டாவதுதான்.

ஆனால் "சிறிய அளவு" என்றால் என்ன என்று கணக்குப் பார்க்க வேண்டும். இங்கே ஒரு யூனிட் என்பது 10 மில்லி சுத்த ஆல்கஹால், அதாவது 8 கிராம். 13 விழுக்காடு ஒயின் 175 மில்லி ஊற்றினால் அதுவே 2.3 யூனிட். இந்தியாவில் விற்கிற 650 மில்லி பெரிய பீர் புட்டி 5 விழுக்காடு என்றால் மூன்றேகால் யூனிட், 8 விழுக்காடு "ஸ்ட்ராங்" என்றால் ஐந்துக்கு மேல். ஒரு புட்டிதானே என்று சொல்கிறவர் உண்மையில் ஐந்து யூனிட் குடித்திருக்கிறார். ஒரே இருப்பில் நிறையக் குடிப்பதுதான் கூடுதல் ஆபத்து, ஏனென்றால் இரத்தத்தில் அளவு எவ்வளவு உயரமாகப் போகிறது என்பது முக்கியம்.

ஸ்கேனில் தெரியாது. இதயக் குறை போன்ற சில உறுப்புக் குறைகள் இருந்தால் ஐந்தாம் மாத ஸ்கேனில் தெரியலாம். ஆனால் மதுவால் மூளை வேலை செய்யும் விதத்தில் வரும் மாற்றத்தை ஸ்கேன் காட்டாது. ஸ்கேன் நன்றாக இருக்கிறது என்று மறுபடி குடிக்கத் தொடங்கியவர்களையும் பார்த்திருக்கிறேன், அதனால் சொல்கிறேன்.

நிறுத்தினாளா? ஃபோலிக் அமிலம் எடுக்கிறாளா? அந்த டாக்டரிடம் எவ்வளவு குடித்தாள் என்று உள்ளபடி சொன்னாளா? இந்த மூன்றும் ஓம் என்றால் அவள் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டாள். இன்னொன்றையும் போட்டு வைக்கிறேன், இதை வாசிக்கும் வேறு யாருக்காவது உதவும். தினமும் நிறையக் குடித்துப் பழகிய ஒரு பெண் கர்ப்பம் என்று தெரிந்ததும் ஒரே நாளில் தானாக நிறுத்தக் கூடாது. கை நடுக்கம், வலிப்பு வரை போகும். அவர் வைத்தியரின் மேற்பார்வையில்தான் நிறுத்த வேண்டும்.

புதுவை_பாரிஸ் எழுதியது:

கொஞ்சம் நிதானமாகப் பேசுவோம். நான் பிரான்சில் முப்பது வருடத்துக்கு மேல் இருக்கிறேன். என் மனைவியின் தோழிகள் எத்தனையோ பேர் கர்ப்பமாக இருக்கும்போது சாப்பாட்டோடு ஒரு கிளாஸ் ஒயின் எடுத்தவர்கள். அந்தப் பிள்ளைகள் எல்லாம் இன்று பொறியாளர்கள், டாக்டர்கள். ஒரு நாடே இப்படி வாழ்ந்திருக்கிறது. "ஒரு சொட்டு விஷம்" என்பதெல்லாம் அமெரிக்கர்களின் பயம். எதைக் கண்டாலும் லேபிள் ஒட்டுவார்கள்.

குறைந்த அளவு குடித்த தாய்மார்களின் பிள்ளைகளிடம் பாதிப்பு தெரியவில்லை என்று பிரிட்டனிலேயே ஆய்வு வந்திருக்கிறதே, அதை மருத்துவமாது அம்மா சொல்லவில்லை?

கரு_ஆய்வன் எழுதியது:

@புதுவை_பாரிஸ் சார், நீங்கள் பிரான்சை இழுத்தது நல்லதாகப் போயிற்று. இந்தப் பாதிப்பைப் பற்றி முதலில் விரிவாக எழுதியவர்களே பிரெஞ்சுக்காரர்கள்தான். நாந்த் நகரக் குழந்தை மருத்துவர் பால் லெமுவான், குடிப்பழக்கம் உள்ள பெற்றோரின் 127 குழந்தைகளைப் பார்த்து 1968-இல் கட்டுரை வெளியிட்டார். ஒரே மாதிரியான முகம், வளர்ச்சிக் குறைவு, உடற்குறைகள், ஓயாத துறுதுறுப்பு. அது ஒரு வட்டார மருத்துவ இதழில், பிரெஞ்சில் வந்ததால் வெளியே யாரும் கவனிக்கவில்லை. 1973-இல் அமெரிக்காவின் சியாட்டிலில் கென்னத் ஜோன்ஸ், டேவிட் ஸ்மித் இருவரும் எட்டுக் குழந்தைகளைப் பற்றி லான்செட் இதழில் எழுதினார்கள். அந்த எட்டுக் குழந்தைகளும் மூன்று வெவ்வேறு இனத்தவர், ஒருவருக்கொருவர் உறவில்லை. ஆனாலும் முகத்தில் அண்ணன் தம்பி போன்ற ஜாடை. பொதுவாக இருந்தது தாயின் கடும் குடிப்பழக்கம் மட்டும். அப்புறம்தான் "ஃபீட்டல் ஆல்கஹால் சிண்ட்ரோம்", அதாவது கருவிலேயே மதுவால் வரும் பாதிப்புகளின் தொகுப்பு, என்ற பெயர் வந்தது. லேபிள் பற்றிச் சொன்னீர்கள். பிரான்சில் 2007-லிருந்து ஒவ்வொரு ஒயின் புட்டியிலும் கர்ப்பிணி சின்னமோ எச்சரிக்கை வாசகமோ சட்டப்படி கட்டாயம். அடுத்த முறை வாங்கும்போது புட்டியின் பின்பக்கம் பாருங்கள்.

இப்போது "எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லையே" என்ற வாதம். இதற்கு இரட்டையர்கள் பதில் சொல்லியிருக்கிறார்கள். ஒரே கருமுட்டையிலிருந்து பிரிந்த இரட்டையர்களை எடுத்துக்கொண்டால், ஒருவருக்குப் பாதிப்பு எப்படியோ மற்றவருக்கும் அப்படியே இருக்கிறது. இரண்டு கருமுட்டைகளிலிருந்து வந்த இரட்டையர்களில் அப்படி இல்லை. ஒருவருக்குக் கடுமையான பாதிப்பு, கூடவே கிடந்தவருக்கு லேசான பாதிப்பு என்று பல ஜோடிகளில் பார்த்திருக்கிறார்கள். ஒரே வயிறு, ஒரே நாள், ஒரே குடி! வித்தியாசம் குழந்தையின் மரபணுவில். இது போதாதென்று தாயின் வயது, உடல் எடை, சாப்பாடு, கல்லீரல் வேகம் எல்லாம் சேர்ந்துகொள்ளும். அதனால் உங்கள் தோழிகளின் பிள்ளைகள் பொறியாளர்கள் ஆனதை நான் மறுக்கவே இல்லை. அது அடுத்த பெண்ணின் குழந்தையைப் பற்றி எதுவும் சொல்லாது என்கிறேன், அவ்வளவுதான்.

நீங்கள் சொன்ன பிரிட்டன் ஆய்வு இருப்பது உண்மை. 2000-த்தை ஒட்டிப் பிறந்த குழந்தைகளைப் பின்தொடர்ந்தார்கள். லேசாகக் குடித்தவர்களின் பிள்ளைகள் சில தேர்வுகளில் குடிக்காதவர்களின் பிள்ளைகளைவிட நன்றாகவே செய்தார்கள். ஒயின் மூளையை வளர்த்தது என்று இதற்கு அர்த்தமா? அங்கே வாரத்துக்கு ஒரு கிளாஸ் ஒயினோடு நிறுத்திக்கொள்ளும் பெண்கள் பெரும்பாலும் படித்தவர்கள், வசதியானவர்கள். அந்த வீட்டுப் பிள்ளைக்கு நல்ல பள்ளி, புத்தகம் எல்லாம் கிடைக்கிறது. மதுவின் சிறு பாதிப்பை அந்த வசதி மூடிவிட முடியும். கணக்கில் இதைப் பிரித்தெடுக்க முயல்கிறார்கள், முழுசாக முடிவதில்லை. ஆக, குறைந்த அளவில் குடித்தால் ஆபத்து என்று திட்டமான நிரூபணம் இல்லை, ஆபத்தில்லை என்றும் நிரூபணம் இல்லை. மருத்துவர்கள் ஆளுக்கு ஒன்று சொல்வது இந்த இடைவெளியால்தான். சிலர் "வேண்டாம்" என்கிறார்கள், சிலர் பயமுறுத்த விரும்பாமல் "பரவாயில்லை" என்கிறார்கள்.

ராசாத்தி_தேனி எழுதியது:

உள்ளே என்னதான் நடக்கிறது என்று கொஞ்சம் எளிமையாகச் சொல்லுங்களேன். அம்மாவுக்கே ஒரு கிளாஸில் ஒன்றும் ஏறவில்லை, குழந்தைக்கு எப்படி?

கரு_ஆய்வன் எழுதியது:

@ராசாத்தி_தேனி நஞ்சுக்கொடி பலவற்றை வடிகட்டும், ஆல்கஹாலை வடிகட்டாது. மூலக்கூறு அவ்வளவு சிறியது. தாயின் இரத்தத்தில் இருக்கும் அளவு கொஞ்ச நேரத்தில் ஏறக்குறைய அப்படியே குழந்தையின் இரத்தத்துக்கும் வந்துவிடும். தாயின் கல்லீரல் அதை உடைக்கும். குழந்தையின் கல்லீரலில் அதற்கான நொதி மிகக் குறைவு. பனிக்குட நீரிலும் ஆல்கஹால் தேங்கும், குழந்தை அந்த நீரையே விழுங்கி, சிறுநீராக விட்டு, மறுபடி விழுங்கும். அதாவது தாய்க்குத் தெளிந்த பிறகும் குழந்தைக்கு முழுசாகத் தெளிந்திருக்காது.

எந்த வாரத்தில் குடிக்கிறார் என்பதைப் பொறுத்துப் பாதிப்பு மாறும். கரு உருவான மூன்றாவது வாரத்தில்தான் முகத்துக்கும் முன்மூளைக்கும் அடித்தளம் விழுகிறது. வட கரோலினாவில் கேத்லீன் சுலிக் என்பவர் 1981-இல் எலிகளில் இதைக் காட்டினார். சரியாக அந்தக் கட்டத்தில் மது கொடுத்தால், குட்டியின் முகம் பாதிக்கப்பட்ட மனிதக் குழந்தையின் முகத்தைப் போலவே வந்தது. கண் திறப்பு சின்னது, மேலுதடு மெலிந்தது, மூக்குக்கும் உதட்டுக்கும் நடுவே உள்ள பள்ளம் வழவழவென்று மறைந்தது. அந்தச் சில நாட்களைத் தாண்டிக் குடித்தால் முகம் சாதாரணமாகவே இருக்கும். ஆனால் மூளை பத்து மாதமும் வளர்ந்துகொண்டே இருக்கிறது, அதனால் மூளைக்கு மட்டும் "பாதுகாப்பான மாதம்" என்று ஒன்று கிடையாது. எந்த மாதத்தில் நிறுத்தினாலும் லாபம் என்பதும் இதனால்தான்.

பழைய கதை ஒன்று. 1960-களின் இறுதியிலிருந்து 1970-கள் முழுக்க, குறைப்பிரசவ வலி வந்த பெண்களுக்கு மருத்துவமனையிலேயே நரம்பு வழியாக ஆல்கஹால் ஏற்றினார்கள். நியூயார்க்கில் ஃபிரிட்ஸ் ஃபுக்ஸ் என்ற மகப்பேறு மருத்துவர் பரப்பிய முறை. கருப்பையைச் சுருங்க வைக்கும் ஆக்சிடோசின் என்ற ஹார்மோனை ஆல்கஹால் அடக்கும், வலி நிற்கும் என்பது கணக்கு. அந்தப் பெண்கள் பிரசவ வார்டில் போதையில் உளறிக்கொண்டும் வாந்தி எடுத்துக்கொண்டும் கிடந்தார்கள். சியாட்டில் கட்டுரை வந்த பிறகும் சில வருடம் இது நடந்தது. வேறு மருந்துகள் வந்த பிறகுதான் நின்றது. டாக்டரே ஏற்றிய காலம் ஒன்று இருந்திருக்கிறது என்பதை, தாய்மார்களைத் திட்டக் கிளம்புகிறவர்கள் நினைவில் வைக்கலாம்.

ராசாத்தி_தேனி எழுதியது:

அய்யோ. சரி, இன்னொரு சந்தேகம். எங்கள் பக்கம் பிள்ளை பெற்றவளுக்கு உடம்பு வலி போக, குளிர் ஏறாமல் இருக்க, ஒரு மூடி பிராந்தி கொடுப்பார்கள். குடியே தெரியாத வீட்டிலும் அதற்கென்று ஒரு குவார்ட்டர் வாங்கி அலமாரியில் ஒளித்து வைப்பார்கள். எனக்கும் என் அப்பத்தா கொடுத்தார். அப்புறம் தசமூலாரிஷ்டம். அதிலும் சாராய வாடைதான். பால் கொடுக்கும்போது இதெல்லாம் சரியா? கர்ப்பத்தில் அரிஷ்டம் குடிக்கலாமா?

லண்டன்_மருத்துவமாது எழுதியது:

யாழ்ப்பாணத்திலும் பிராந்தி கொடுக்கிற வீடுகள் உண்டு பிள்ளை. பிரசவத்துக்குப் பிறகு என்பதால் கருவைப் பற்றிய கேள்வி இல்லை. ஆனால் தாயின் இரத்தத்தில் எவ்வளவோ அவ்வளவு பாலிலும் இருக்கும். ஒரு மூடி என்றால் மிகச் சிறிய அளவு. குடித்தே ஆக வேண்டும் என்றால் பால் கொடுத்து முடித்த பிறகு குடித்து, ஒரு அளவு மதுவுக்கு இரண்டு மணி நேரமாவது விட்டு அடுத்த பால் கொடுக்கலாம். பாலைக் கறந்து கொட்டினால் சீக்கிரம் இறங்கும் என்று நினைக்காதீர்கள், இரத்தத்தில் இறங்கினால்தான் பாலில் இறங்கும். பியர் குடித்தால் பால் சுரக்கும் என்பதும் பிழை. பால் இறங்க வேண்டிய ஆக்சிடோசினையே அது தடுக்கிறது. கரு_ஆய்வன் தம்பி மேலே சொன்ன அதே விஷயம்தான்.

அரிஷ்டம், ஆசவம் என்பவை புளிக்க வைத்துச் செய்பவை. அதில் தானாக உண்டாகும் ஆல்கஹால் 5 முதல் 10 விழுக்காடு வரை இருக்கலாம், பியருக்குக் குறைந்ததில்லை. குடிக்கும் அளவு சின்னது என்றாலும், வயிற்றில் பிள்ளை இருக்கும்போது சொந்தமாகக் கடையில் வாங்கிக் குடிக்காதீர்கள், மருத்துவரிடம் புட்டியைக் காட்டிக் கேளுங்கள். இருமல் மருந்துக்கும் இதே பேச்சு. பழஞ்சோறு, இட்லி மா புளிப்பது பற்றிக் கேட்பீர்கள் என்று தெரியும். அதற்குப் பயப்படத் தேவையில்லை, வடிவாகச் சாப்பிடுங்கள்.

கொங்கு_தம்பி எழுதியது:

இவ்வளவு பேச்சு எதற்கு? வயிற்றில் பிள்ளையை வைத்துக்கொண்டு பார்ட்டிக்குப் போய்க் குடிக்கிறவர்களைப் பிடித்து உள்ளே போட வேண்டும். நம் பாட்டிமார் யாராவது குடித்தார்களா? மேல்நாட்டு மோகம். அந்தக் குழந்தை செய்த பாவம் என்ன?

மட்டுறுத்துநர்:

@கொங்கு_தம்பி இழையைத் தொடங்கியவர் கேட்டுக்கொண்டதை ஒரு முறை படித்துவிட்டு எழுதுங்கள். கருத்து இருக்கட்டும், தனிப்பட்ட தாக்குதல் வேண்டாம்.

பெர்த்_நாச்சியார் எழுதியது:

நான் மேற்கு ஆஸ்திரேலியாவில் பேச்சுப் பயிற்சியாளர். கிம்பர்லி பகுதிப் பள்ளிகளுக்கும் போய் வேலை செய்திருக்கிறேன். "உள்ளே போடு" என்பதற்கு என் பக்கத்திலிருந்து பதில் சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகப் போகும்.

ஃபிட்ஸ்ராய் கிராசிங் என்று ஒரு சிறு ஊர். ஆதிகுடி மக்கள் வாழும் பகுதி. குடியால் சாவு மேல் சாவு, தற்கொலைகள். 2007-இல் ஜூன் ஆஸ்கர், எமிலி கார்ட்டர் போன்ற அந்த ஊர்ப் பெண்கள் முன்னால் நின்று போராடி, வாங்கிக்கொண்டு போகும் கடும் மதுவுக்குத் தடை கொண்டு வந்தார்கள். ஊருக்குள்ளேயே பலர் அவர்களைத் தூற்றினார்கள். அதோடு விடவில்லை. "எங்கள் பிள்ளைகளுக்கு என்ன ஆகியிருக்கிறது என்று பாருங்கள்" என்று ஆராய்ச்சியாளர்களைத் தாங்களே அழைத்தார்கள். 2002, 2003-இல் பிறந்த 108 குழந்தைகளை முழுமையாகப் பரிசோதித்ததில் 21 பேருக்கு இந்தப் பாதிப்பு. ஐந்தில் ஒரு குழந்தை! உலகிலேயே மிக அதிகமான விகிதங்களில் ஒன்று. அந்த எண் வெளியே வந்தால் ஊருக்குக் கெட்ட பெயர் என்று தெரிந்தும் வெளியிட்டார்கள். தாய்மார்களை யாரும் மேடையில் நிறுத்தவில்லை. ஏன் குடித்தார்கள் என்பதற்கு நிலம் பறிபோனது, குழந்தைகள் பிடுங்கப்பட்டது என்று மூன்று தலைமுறைக் கதை இருக்கிறது.

இந்தக் குழந்தைகள் எப்படி இருப்பார்கள் என்றால், பெரும்பாலோர் மற்ற குழந்தைகள் மாதிரியேதான் இருப்பார்கள். முகத்தில் அடையாளம் இருப்பது பத்தில் ஒருவருக்குக்கூட இல்லை. நன்றாகப் பேசுவான், சிரிப்பான். நேற்றுச் சொல்லிக் கொடுத்தது இன்று இருக்காது, நாளைக்குத் திடீரென்று இருக்கும். "செருப்பைப் போட்டுக்கொண்டு பையை எடுத்து வாசலில் நில்" என்றால் செருப்போடு நின்றுவிடுவான், மற்ற இரண்டும் மறைந்துவிடும். இதைச் செய்தால் இது நடக்கும் என்ற தொடர்பு பிடிபடாது, அதனால் தண்டனை வேலை செய்யாது. நேற்று அடி வாங்கிய அதே காரியத்தை இன்றும் செய்வான், டீச்சர் "திமிர்" என்பார். கூட்டாளி யாராவது "இதை எடுத்து வா" என்றால் எடுத்து வந்துவிடுவான், திருட்டுப் பட்டம் இவனுக்கு. மேற்கு ஆஸ்திரேலியச் சிறார் தடுப்பு இல்லத்தில் 99 பேரைச் சோதித்தபோது 36 பேருக்கு இந்தப் பாதிப்பு இருந்தது, 2018-இல் வந்த ஆய்வு. அவர்களில் இரண்டு பேருக்குத்தான் அதற்கு முன்னால் யாராவது கண்டுபிடித்துச் சொல்லியிருந்தார்கள். அத்தனை வருடம் பள்ளி, போலீஸ், கோர்ட் எல்லாம் தாண்டி வந்த பிள்ளைகள்.

சியாட்டிலில் ஆன் ஸ்ட்ரைஸ்குத் என்ற உளவியலாளர் 1996-இல் பெரிய ஆய்வு ஒன்றை வெளியிட்டார். சிறு வயதிலேயே கண்டுபிடிக்கப்பட்டு, அடிக்காத நிலையான ஒரு வீட்டில் வளர்ந்தவர்கள் பிற்காலத்தில் சிக்கல்களில் மாட்டுவது வெகுவாகக் குறைந்திருந்தது. மூளையில் ஆனது திரும்பாது. அதற்குப் பிறகு நடப்பதில் நிறைய நம் கையில் இருக்கிறது. ஒரு நேரத்தில் ஒரு கட்டளை, படம் ஒட்டிய அட்டவணை, தினமும் ஒரே ஒழுங்கு, சத்தம் குறைந்த அறை. செலவில்லாத விஷயங்கள். ஆனால் "என்ன பாதிப்பு" என்று தெரிந்தால்தானே செய்வார்கள்? தாய் உண்மையைச் சொன்னால்தான் தெரியும். ஜெயில் என்றால் எந்தத் தாய் சொல்வாள்?

புதுவை_பாரிஸ் எழுதியது:

பெர்த் அம்மா எழுதியது மனதைத் தொட்டது. ஆனால் அது கடும் குடி. சாப்பாட்டோடு ஒரு கிளாஸ் பற்றிய என் கேள்வி அப்படியே இருக்கிறது. லேபிளை ஒப்புக்கொள்கிறேன், பார்த்தேன். படம் நகத்தளவுகூட இல்லை, யாருக்குக் கண்ணில் படும்?

கரு_ஆய்வன் எழுதியது:

அந்தக் கேள்வி அறிவியலிலும் அப்படியேதான் இருக்கிறது சார். அதனால்தான் பத்து மாதம் தள்ளிவைக்கச் சொல்கிறார்கள். ஒயினுக்கு என்ன, அங்கேயே இருக்கும்.

@கொங்கு_தம்பி, தண்டனையை அமெரிக்காவில் செய்து பார்த்தாயிற்று. சில மாநிலங்களில் கர்ப்பிணி குடிப்பது குழந்தைக் கொடுமை என்று சட்டம். பல பத்தாண்டுகளின் பிறப்புப் பதிவுகளை ஒப்பிட்டுப் பார்த்தால், அப்படிச் சட்டம் உள்ள இடங்களில் எடை குறைந்த பிரசவமும் குறைப்பிரசவமும் கூடத்தான் செய்திருக்கின்றன. பயந்துபோன பெண்கள் டாக்டரிடமே போவதில்லை, அதுதான் விளக்கம். இங்கிலாந்தில் 2014-இல் ஒரு வழக்கு. கருவிலிருந்தபோது தாய் குடித்ததால் பாதிக்கப்பட்ட ஒரு சிறுமிக்கு, குற்றத்தால் பாதிக்கப்பட்டவர் என்ற கணக்கில் இழப்பீடு கேட்டார்கள். மேல்முறையீட்டு நீதிமன்றம் இதைக் குற்றமாகப் பார்க்க முடியாது என்றது.

தென்னாப்பிரிக்காவையும் பாருங்கள். கேப் பகுதியின் திராட்சைப் பண்ணைகளில் கூலியில் ஒரு பங்கை ஒயினாகவே கொடுத்தார்கள், "டொப்" என்று பெயர். நூற்றாண்டுகளாக நடந்தது. 1960-களில் சட்டம் தடுத்தும் பல பண்ணைகளில் 1990-கள் வரை ஓடியது. அடுத்த தலைமுறைக்குக் கூலி காசாக வந்தது, வார இறுதிக் குடி மட்டும் நின்றபாடில்லை. வெலிங்டன் என்ற ஊரில் முதல் வகுப்புப் பிள்ளைகளைச் சோதித்தபோது ஆயிரத்துக்கு 40 பேருக்கு மேல் முழுமையான ஃபீட்டல் ஆல்கஹால் சிண்ட்ரோமே இருந்தது. 2000-இல் வெளியான அந்த எண்ணிக்கை அப்போது உலகிலேயே அதிகம். அந்தப் பெண்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவீர்களா, இல்லை, சம்பளத்தை ஒயினாக அளந்து ஊற்றியவரையா? டி ஆர் என்ற ரயில்வே ஊரில் வேறு வழி பார்த்தார்கள். ஊர் முழுக்கப் பேசினார்கள், கர்ப்பிணிகளுக்குத் துணை நின்றார்கள். அங்கே விகிதம் ஏறக்குறைய 30 விழுக்காடு குறைந்தது.

கொங்கு_தம்பி எழுதியது:

சரிங்க, ஜெயில் வேண்டாம். ஆனால் நம் ஊரில் இந்தப் பிரச்சினை இல்லை என்பதாவது உண்மைதானே?

திருச்சி_குழந்தை_மருத்துவர் எழுதியது:

இல்லை என்று சொல்ல முடியாது, தேடவில்லை என்று சொல்லலாம். 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வில், 15 வயதுக்கு மேற்பட்ட பெண்களில் குடிப்பதாகச் சொன்னவர்கள் நாடு முழுக்கச் சுமார் 1 விழுக்காடு. தமிழ்நாட்டில் அதைவிடவும் குறைவு. அருணாசலப் பிரதேசத்தில் நான்கில் ஒரு பெண். அங்கே வீட்டில் அரிசியில் வடிப்பது சடங்கோடு சேர்ந்தது. நம் ஊரில் பெண் குடிப்பதை ஆய்வுக்கு வந்தவரிடம் ஒப்புக்கொள்வாரா என்பதையும் யோசியுங்கள். மாமியார் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்.

என் அனுபவத்தில், கர்ப்பகாலப் பதிவில் சர்க்கரை, இரத்த அழுத்தம், தைராய்டு எல்லாம் இருக்கும். "மது எடுப்பீர்களா" என்ற கேள்வி பெரும்பாலும் கேட்கப்படாது. கேட்டால் அவமானப்படுத்துவதாக எடுத்துக்கொள்வார்களோ என்று நாமே தயங்குகிறோம். ஏழு வயதில் துறுதுறுப்பு, கவனக்குறைவு என்று குழந்தையை அழைத்து வரும்போதும் அப்பாவின் குடி பற்றி விலாவாரியாகக் கேட்போம், அம்மாவிடம் கேட்க மாட்டோம். "ஏ.டி.எச்.டி." என்று எழுதி அனுப்பிவிடுவோம். 2018 உணவுப் பாதுகாப்பு விதிப்படி இந்தியப் புட்டிகளில் உடல்நலக் கேடு, வாகனம் ஓட்டாதே என்றுதான் கட்டாய வாசகம். கர்ப்பத்தைப் பற்றி ஒரு சொல் கிடையாது.

அப்பாக்கள் தப்பித்தோம் என்று நினைக்க வேண்டாம். தமிழ்நாட்டில் ஆண்களில் சுமார் 25 விழுக்காடு குடிப்பதாக அதே ஆய்வு சொல்கிறது. கருத்தரிப்புக்கு முன் தந்தை குடித்தாலும் குட்டிகளின் முக அமைப்பு மாறுவதாக டெக்சாஸில் மைக்கேல் கோல்டிங் குழு எலிகளில் காட்டியிருக்கிறது. மனிதர்களில் இன்னும் நிறுவப்படவில்லை. ஆனால் குழந்தை வேண்டும் என்று திட்டமிடும் தம்பதியிடம் நான் இருவரையும் சேர்த்தே நிறுத்தச் சொல்கிறேன். கணவன் எதிரில் உட்கார்ந்து ஊற்றிக்கொண்டிருந்தால் மனைவி மட்டும் எப்படி நிறுத்துவாள்?

மெல்பர்ன்_கயல் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. தங்கையிடம் இழையை அனுப்பினேன், முழுக்கப் படித்தாள். மருத்துவமாது அக்கா சொன்ன கணக்கைப் போட்டுப் பார்த்து, எவ்வளவு, எப்போது என்று தாளில் எழுதிக்கொண்டு டாக்டரிடம் மறுபடி போனாள். இந்த முறை அவர் உட்காரவைத்துப் பேசினாராம். கோப்பில் குறித்துக்கொண்டார். பிறந்த பிறகு குழந்தை மருத்துவரிடமும் இதைச் சொல்லிவிட வேண்டும், வளர்ச்சியைக் கவனிக்க உதவும் என்றாராம். கணவரிடமும் சொல்லிவிட்டாள். அவரும் நிறுத்திவிட்டதாகச் சொல்கிறார், பார்ப்போம்.

கடைசியாக ஒன்று கேட்கச் சொன்னாள். அலுவலக விருந்துகளில் கையில் கிளாஸ் இல்லாவிட்டால் "என்ன விசேஷமா" என்று கேட்கிறார்கள். மூன்று மாதம் ஆகாமல் சொல்லவும் விருப்பமில்லை. ஆல்கஹால் இல்லாத பீர் என்று விற்கிறார்களே, அதைக் குடிக்கலாமா?

லண்டன்_மருத்துவமாது எழுதியது:

புட்டியில் 0.0 என்று போட்டிருக்கிறதா என்று பார்க்கச் சொல். சும்மா "ஆல்கஹால் இல்லாதது" என்று மட்டும் போட்டிருந்தால் 0.5 விழுக்காடு வரை இருக்கலாம். அது மிகச் சிறிய அளவுதான், ஆனால் தேவையில்லாமல் மறுபடி இரவெல்லாம் முழித்திருந்து யோசிப்பாள். சோடாவில் எலுமிச்சைத் துண்டு போட்டுக் கையில் வைத்துக்கொண்டால் ஜின் மாதிரியே இருக்கும், ஒருவரும் கேட்க மாட்டார்கள்.

ராசாத்தி_தேனி எழுதியது:

ஆன்டிபயாட்டிக் மாத்திரை சாப்பிடுகிறேன் என்று சொல்லச் சொல்லுங்கள். ஐந்து நாளைக்கு எவனும் வாயைத் திறக்க மாட்டான்.